மூன்று இலைகள் குறைகின்றன

கஞ்சாச் செடி இரண்டு பகுதிகளை உடையது. தண்டு உழவருக்கு உரியது. இலை அரசுக்கு உரியது. தண்டை உரித்தால் நார் வரும். நாரை நெய்தால் இறந்தோர்க்கு உடுத்தும் துணி வரும். இலையை எரித்தால் புகை வரும். அப்புகையை எவரும் முகர்ந்துவிடாதபடி எரிப்பதற்காகவே யோன்கோல் வட்டச் சுகாதார நிலையத்தில் ஒரு பிரிவும், அப்பிரிவுக்கு ஒரு தலைவரும், அத்தலைவருக்கு ஒரு காரும் ஏற்படுத்தப்பட்டிருந்தன.

குக் ஜோங்பே அவ்வட்டத்தில் நாற்பது ஆண்டுகளாக உரிமத்துடன் கஞ்சா பயிரிட்டு வந்தார். வயது அறுபத்தொன்று. தாம் வளர்த்த செடியின் புகையை அவர் ஒருநாளும் முகர்ந்ததில்லை. சோஜு என்னும் அரிசிச் சாராயத்தையும் தொட்டதில்லை, அவருடைய கல்லீரல் இளமையிலேயே மருத்துவரால் கண்டிக்கப்பட்டிருந்தது. முதற்பழக்கத்தை யோன்கோல் மக்கள் கடமை என்று கருதினர். இரண்டாவதை ஒருவகை ஊனமாகக் கருதி, அவர் எதிரில் அதைப்பற்றிப் பேசாமல் இருந்தனர்.

ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் அறுவடை நடைபெறும். வெட்டிய தண்டுகளிலிருந்து அவருடைய மனைவி மல்ரியே மரக்கத்தியால் இலைகளை உருவிக் குவிப்பார். பிரிவுத் தலைவர் பியோ கியூசிக்கும், காவல் நிலைய ஏட்டு போங் தேஹோவும் சாட்சிகளாக வந்து நிற்க, குவியலுக்குத் தீ வைக்கப்படும். சாட்சிகள் புகை படாத இடத்தில் இருத்தல் வேண்டும். ஆனால் தீயிலிருந்து கண்ணை எடுத்தலாகாது. இவ்விரு நிபந்தனைகளுக்கும் பொருந்திய இடம், ஜோங்பே வயலோரத்தில் போட்டிருந்த நெகிழிக் கொட்டகை ஒன்றே. அங்கே கரியடுப்பில் பன்றி இறைச்சி வேகும். ஒரு பெட்டி சோஜுவும் இருக்கும். சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அந்தப் பெட்டி குறிப்பிடப்படவில்லை. எனினும், அது இல்லாமல் ஓர் இலையும் எரிந்ததாக வரலாறு இல்லை.

அவ்வாண்டும் அவ்வாறே தீ மூட்டப்பட்டது.

"ஜோங்பே அண்ணே, இந்தப் புகை இருக்கே, ரொம்பக் கெட்டது" என்று ஐந்தாம் புட்டியைத் திறந்தவாறே பியோ கூறினார். "ஒரு இழுப்பு இழுத்தா போதும். மனுசன் மனுசனாவே இருக்கமாட்டான். பக்கத்துல இருக்கவன் மண்டைய ஒடைச்சிருவான்."

"அப்படியா தலைவரே? நம்ம பக்கம் யாரும் ஒடைச்சதாக் கேள்விப்படலியே."

"எப்படிக் கேள்விப்படுவீங்க? அதான் நாங்க இருக்கோம்ல!"

"நாங்க மட்டும் இல்லேன்னா இந்நேரம் ஊரே ரத்தக்களறிதான்" என்று ஏட்டு போங் இறைச்சித் துண்டு ஒன்றைக் கீரை இலையில் மடித்து வாயிலிட்டார்.

பியோ ஒரு கோப்பையை நிரப்பி நீட்டினார். "இந்தாங்க அண்ணே. ரெண்டு கையால புடிங்க."

"மன்னிக்கணும் தலைவரே. உங்களுக்கே தெரியும், என் கல்லீரல்..."

"எனக்குந்தான் கல்லீரல் இருக்கு. அது என்ன லீவா கேக்குது?"

ஜோங்பே நகைத்தார். நகைத்துக்கொண்டே, தம்மையறியாமல், நீட்டப்பட்ட கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார். நாற்பது ஆண்டுகளில் அவர் செய்த முதற்பிழை அதுவே. அதிகாரி நீட்டும் கோப்பையைக் கையால் மூடுவதும், அவ்வதிகாரியைக் கன்னத்தில் அறைவதும் யோன்கோல் வட்டத்தில் ஒன்றாகவே கருதப்பட்டன.

பியோ சற்று நேரம் அந்தக் கையையே உற்றுநோக்கினார். பின்னர் ஆறாம் புட்டியின் கழுத்தைப் பற்றி ஜோங்பேயின் தலையில் இறக்கினார். முதல் அடியில் புட்டி உடையவில்லை, தலைதான் உடைந்தது. இரண்டாம் அடியில் இரண்டும் ஒருசேர உடைந்தன. முக்காலியிலிருந்து விழுந்தவரை அவர் விலாவில் உதைத்தார். உதைத்த கால் வழுக்கிக் கரியடுப்பும் கவிழ்ந்தது. கீழே கிடந்தவரின் தொடைமீது கங்குகள் சிதறின. காற்சட்டை புகைந்து, தோலும் புகைந்தது. சட்டம் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பினரான ஏட்டு போங் இடைமறித்துப் பியோவின் மூக்கில் குத்தினார். பியோ ஏட்டின் கட்டைவிரலைக் கடித்து, எலும்பு தட்டுப்பட்ட பிறகே விட்டார். இவ்வாறு அமைதி நிலைநாட்டப்பட்டுக் கொண்டிருந்தபோது, இலைக்குவியலின் அருகிலிருந்த மல்ரியே, கையில் இருந்ததைக் கீழே போடவும் தோன்றாதவராய் ஓடிவந்தார். ஓடிவந்தவர் கையிலிருந்ததைக் கணவரின் தலையில் வைத்து அழுத்தினார்.

குருதி நின்றது.

குருதியைக் கண்டும் தெளியாத ஏட்டு, அதன்மேல் இருந்ததைக் கண்டவுடன் தெளிந்தார்.

"அக்கா! தலையில என்னது அது?"

"ரத்தம்."

"அதுக்கு மேல?"

"இலை."

"என்ன இலை?"

"எங்க வயல்ல வேற என்ன இலை இருக்கும், முள்ளங்கி இலையா? ஆம்புலன்ஸக் கூப்புடுய்யா, புண்ணியமாப் போகும்!"

ஏட்டு கடிபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு, மறு கையால் குறிப்பேட்டை எடுத்தார். எரிக்க வேண்டிய இலைகளுள் மூன்று தீக்கு வெளியே, ஒரு மனிதரின் தலையில், எரிக்கப்படாமல் இருந்தன என்று அதில் எழுதினார். பிறகே ஆம்புலன்சை அழைத்தார்.

நகர மருத்துவமனையில் ஜோங்பேயின் காயத்துக்கு உடனே தையல் இடப்படவில்லை. தடயத்தைத் தொடும் அதிகாரம் தமக்கு இல்லை என்று மருத்துவர் வருத்தத்துடன் தெரிவித்தார். போதைப்பொருள் தடுப்புப் படையினர் மாநிலத் தலைநகரிலிருந்து வந்துசேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் குருதி உறைந்து, இலைகள் மண்டைத்தோலோடு ஒன்றிவிட்டன. கையுறை அணிந்த அலுவலர் இடுக்கியால் அவற்றைப் பற்றி இழுத்தார். மயக்கமருந்து கொடுத்தால் சிறுநீர்ச் சோதனையின் தூய்மை கெடும் என்பதால் அது கொடுக்கப்படவில்லை. ஜோங்பே எழுப்பிய ஓலம் மூன்றாம் மாடி வரை கேட்டது. மூன்று இலைகள் மூன்று உறைகளில் இடப்பட்டன. அவற்றுடன் வந்த தோல், நான்காம் உறையில் 'பிற' என்னும் தலைப்பின்கீழ் முத்திரையிடப்பட்டது.

செப்டம்பரில் வட்ட மன்றத்தில் ஒரு பொது விவாதம் கூட்டப்பட்டது. எரித்து வீணாகும் இலைகளைப் புற்றுநோயாளிகளின் வலி தீர்க்கும் மருந்துக்குக் கொடுக்கலாம், அதற்கேற்பச் சட்டத்தைத் தளர்த்தலாம் என்று உழவர் கூட்டுறவுச் சங்கம் மனு அளித்திருந்தது. மேடையின் பின்திரையை வழங்கியவர் சோஜு ஆலை முதலாளி வாங் தல்சு. ஒலிபெருக்கி, நாற்காலிகள், நண்பகல் உணவு, உணவுக்கு முன்பாக எல்லாரும் கோப்பை உயர்த்துவதற்கான பத்துப் பெட்டிகள் ஆகியவையும் அவர் வழங்கியனவே. மேடையோரத்தில் ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. இறுதிப் பயணத்தில் கணவரும் தாமும் உடுத்திக்கொள்வதற்கென்று மல்ரியே இரண்டு குளிர்காலமாக நெய்த நார்த்துணி அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

வாங் முதலில் பேசினார்.

"நான் நாப்பது வருசமா சோஜு காய்ச்சறேன். நெஞ்சத் தொட்டுச் சொல்றேன், என் சரக்கக் குடிச்சு எத்தனையோ பேர் செத்திருக்கான். மறைக்கல. ஆனா ஒருத்தனாவது சட்டத்த மீறிச் செத்திருக்கானா? ஒவ்வொருத்தனும் வரி கட்டிட்டுத்தான்யா செத்தான்! இந்தக் கஞ்சா அப்படியா? ஒரு பயலும் இதால சாகறதில்ல, ஒரு காசு வரியும் வர்றதில்ல. இத வெச்சுக்கிட்டு ஒரு நாடு என்ன பண்றது?"

அரங்கம் கைதட்டிற்று.

அடுத்து, மூக்கில் இன்னும் ஒட்டுத்துணி அகலாத பியோ, புள்ளிவிவர அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"போன வருசம் நம்ம வட்டத்துல குடியால நடந்த சாவு பதினாலு. அடிதடி இருநூத்திப் பன்னெண்டு. இதெல்லாம் நமக்குப் பழகின நம்பர். பயப்பட ஒண்ணுமில்ல. இப்ப இதப் பாருங்க. கஞ்சா சம்பந்தப்பட்ட வன்முறை, போன வருசம் பூஜ்யம். இந்த வருசம் ஒண்ணு! பூஜ்யத்துலேந்து ஒண்ணுன்னா எத்தனை சதவீதம் கூடிருக்குன்னு நானும் போட்டுப் பாத்தேன். கால்குலேட்டர் பயந்துபோயி நின்னுருச்சு." அவர் மூன்றாம் வரிசையைச் சுட்டினார். "பாதிக்கப்பட்டவரே வந்திருக்காரு. எந்திரிங்க அண்ணே, எல்லாரும் பாக்கட்டும்."

ஜோங்பே எழுந்து நின்றார். மயிர் நீங்கிய மண்டையில் பதினேழு தையல்களின் தழும்பைக் கண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டனர். அவ்வளவு பேர் தம்மீது இரக்கம் காட்டியது ஜோங்பேக்கு இதமாகவே இருந்தது. ஆயினும் ஓர் ஐயம் அவரை உறுத்திற்று.

"தலைவரே, அடிச்சது நீங்கதானே?"

"அடிச்சது யாருங்கறது முக்கியமில்ல அண்ணே" என்று பியோ கனிவுடன் விளக்கினார். "அடிபட்ட எடத்துல என்ன இருந்துச்சு? அதுதான் கேள்வி."

"அப்ப பாட்டில் எந்தக் கணக்குல வரும்?"

"பாட்டில் உணவுப் பொருள்."

நண்பகலில் கோப்பைகள் உயர்த்தப்பட்டன. அதன்பின் விவாதம் கைகளால் தொடரப்பட்டது. "அந்த இலை இருந்திருந்தா எங்கப்பா கத்தாமச் செத்திருப்பாரு" என்று கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒருவர் கூறினார். "போதைக்காரப் பயலே!" என்று நாக்குழற அழைத்த மன்ற உறுப்பினர் ஒருவர், ஒலிவாங்கியின் இரும்புக் கம்பத்தால் அவருடைய வாயில் குத்தினார். இரண்டு பற்கள் தரையில் உருண்டன. நாற்காலிகள் பறந்தன. முதலாளி வாங் தாம் வழங்கிய புட்டியாலேயே புருவம் கிழிந்து, தம் பின்திரையைச் சுற்றிக்கொண்டு மேடையிலிருந்து சரிந்தார். ஒருவருடைய காது இன்னொருவருடைய பல்லிடுக்கில் அகப்பட்டது. ஏட்டு போங் தடியை எடுத்து, கட்சி பாராமல், கையெட்டிய தலைகளையெல்லாம் வரிசைப்படி அடித்தார்.

கட்டுப்போடத் துணி வேண்டியிருந்தது. பேழையின் கண்ணாடியை யாரோ உடைத்தனர். மல்ரியே "வேண்டாம், வேண்டாம்" என்று அலறக் கேட்டும், அந்த நார்த்துணி நெடுக்காகவும் குறுக்காகவும் கிழிக்கப்பட்டது. அடிபட்ட இருபத்துமூவரின் தலைகளிலும் கைகளிலும் அது சுற்றப்பட்டது. மறுவாரம் வெளிவந்த அறிக்கையில் கஞ்சா தொடர்பான வன்முறையின் எண்ணிக்கை இருபத்துநான்காக உயர்ந்திருந்தது. மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

நவம்பரில், பியோ அடித்த வழக்கும் ஜோங்பே தலையில் இலை வைத்திருந்த வழக்கும் ஒரே காலையில், ஒரே நீதிபதியின் முன் விசாரணைக்கு வந்தன.

பியோவின் வழக்கில் வாதம் முழுவதும் காலிப் புட்டிகளைப் பற்றியதாக இருந்தது. குடியால் மனம் தளர்ந்த நிலையில் செய்த குற்றத்துக்குத் தண்டனை குறையும். ஆதலால் குடித்தது ஐந்து புட்டியே என்று அரசு வழக்கறிஞர் அவரைக் கொடியவராகக் காட்ட முயன்றார். ஏழு புட்டி என்று எதிர்த்தரப்பு மெய்ப்பித்தது. ஏட்டு போங்கும் விரலை உயர்த்திச் சான்று பகர்ந்தார்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லீங்கய்யா" என்று பியோ விம்மினார். "கோப்பைய மூடினது மட்டும் ஞாபகம் இருக்கு."

நீதிபதி நெகிழ்ந்தார். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, உடனே நிறுத்தி வைக்கப்பட்டது.

பின்னர் ஜோங்பே அழைக்கப்பட்டார். அரசு அமர்த்திய இளம் வழக்கறிஞர் சொனு என்பவர் அவருடைய காதோரம் குனிந்தார்.

"ஐயா, ரெண்டு பாட்டில்னு சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன். ரெண்டு வேண்டாம், ஒரு பாட்டிலாவது சொல்லுங்க. போதைப்பொருள் வழக்குல உள்ள போனீங்கன்னா உரிமம் போயிரும். வயல் போயிரும்."

"அன்னைக்கு எவ்வளவு குடிச்சிருந்தீங்க?" என்று நீதிபதி வினவினார்.

"நான் குடிக்கறதில்லீங்கய்யா."

நீதிமன்றத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சொனு கண்களை மூடிக்கொண்டார்.

"ஒரு சொட்டுகூட?"

"இல்லீங்கய்யா."

"அப்ப முழு நினைவோடதான் தலையில போதைப்பொருள் வெச்சிருந்தீங்க."

"நினைவில்லாமக் கெடந்தேங்கய்யா."

"குடிச்சா?"

"அடிபட்டு."

"அதுக்குச் சட்டத்துல எடமில்ல" என்று நீதிபதி சலிப்புடன் வழக்குக் கட்டைப் புரட்டினார். "உங்கள மாதிரி ஆளுங்களுக்கு உதவணும்னு நெனச்சாலும் நீங்க ஒரு வாசல்கூடத் திறந்து வைக்கறதில்ல."

தண்டனை ஓராண்டு, அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. எனினும் உரிமத்தின்மீது ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. அடுத்த அறுவடையில் இலைகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட வேண்டும். எண்ணியவற்றுள் ஒன்றேனும் எரியாமல் குறைந்தால், உரிமம் நீக்கப்பட்டு, வயல் உருளை ஓட்டி அழிக்கப்படும். அத்துடன், சமூகத்தோடு கலந்து பழகும் பயிற்சியை ஜோங்பே பெறுதல் வேண்டும். வன்முறையில் நேரடி அனுபவம் உள்ளவர் என்னும் தகுதியால், அப்பயிற்சியின் பொறுப்பாளராகப் பியோ அமர்த்தப்பட்டார்.

அன்றிரவு வீட்டில் மல்ரியே வெறுந்தறியின் முன் அமர்ந்து பேசினார்.

"இந்த வயல் போச்சுன்னா நாம என்ன செய்யறது, ஏங்க? நமக்குன்னு நெய்த துணிய ஊர்ல இருக்க மண்டைக்கெல்லாம் சுத்திட்டாங்க. மறுபடி நெய்யணும். நாரு வேணும்."

"ஒரு இலை கொறையாது" என்று ஜோங்பே கூறினார்.

ஜூலை வந்தது. எண்ணும் பணி ஒன்பது நாள் நடந்தது. வயலின் நடுவே மேசை போட்டு, ஏட்டு போங்கும் நான்கு காவலர்களும் நனைத்த பஞ்சில் விரலை ஒற்றி ஒற்றி எண்ணினர். காற்று வீசியபோது ஓடிப் பிடித்தனர். ஓர் ஆடு பதினொன்றைத் தின்றது. அதன் வயிறு அங்கேயே கிழிக்கப்பட்டு, பதினொன்றும் மீட்கப்பட்டு, கழுவி உலர்த்திச் சேர்க்கப்பட்டன. ஆடு யாருடையது என்று எவரும் உசாவவில்லை. மொத்தம் நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு.

பத்தாம் நாள் காலையில் தீ மூட்டப்பட்டது. மல்ரியே கைப்பிடி கைப்பிடியாக எடுத்து இட, காவலர்கள் பதிவேட்டில் கழித்துக் குறித்தனர். கொட்டகையில் பியோ பெட்டியைத் திறந்து, பயிற்சிச் சான்றிதழை மேசையில் விரித்தார்.

"எல்லாம் ஆயிருச்சு அண்ணே. கடைசியா ஒரு கட்டம் இருக்கு. 'சமூகத்தோடு கலந்து பழகுகிறார்.' இதுல நான் கையெழுத்துப் போடணும்." அவர் கோப்பையை நிரப்பினார். "இந்த வருசமும் மூடினீங்கன்னா போடமாட்டேன். கணக்கு சரியா இருந்தாலும் உரிமம் கெடையாது."

ஜோங்பே தீயைப் பார்த்தார். அதனருகே வியர்த்து நின்ற மனைவியைப் பார்த்தார். பின்னர்க் கோப்பையை இரு கைகளாலும் வாங்கி, மூத்த அதிகாரியின் முன் குடிப்போர்க்குரிய முறைப்படி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அறுபத்திரண்டாம் வயதில் முதன்முறையாகக் குடித்தார்.

"ஆகா! பாருய்யா, அண்ணன் மனுசனாயிட்டாரு!" என்று பியோ தொடையில் தட்டினார்.

இரண்டாம் கோப்பையை ஜோங்பே தாமே கேட்டார். மூன்றாவதையும் கேட்டார். பியோ மகிழ்ந்து தாமும் உடன் குடித்தார். ஏட்டும் வந்து சேர்ந்துகொண்டார். ஏழாம் கோப்பையின் முடிவில் ஜோங்பே வெறும் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏட்டய்யா, இது எத்தனை?"

"நீங்க மட்டும் ஒரு பாட்டில முடிச்சிருக்கீங்க, அண்ணே. நான் சாட்சி."

"தலைவரே, நினைவு போறதுக்கு எத்தனை பாட்டில் வேணும்?"

"எனக்கு ஏழு" என்று பியோ நெஞ்சை நிமிர்த்தினார். "உங்கள மாதிரிப் புது ஆளுக்கு ஒண்ணே ஜாஸ்தி."

"எழுதிக்கிட்டீங்களா, ஏட்டய்யா?"

"எழுதிக்கிட்டேன்."

"அப்பச் சரி."

ஜோங்பே எழுந்தார். கால்கள் தள்ளாடின, எனினும் மரியாதை தவறவில்லை. புட்டியின் கழுத்தை இரு கைகளாலும் பற்றி, பியோவின் உச்சந்தலையில் இறக்கினார். முதல் அடியில் புட்டி உடையவில்லை. ஜோங்பே அதை எதிர்பார்த்தவர்போல் இரண்டாம் முறையும் இறக்கினார். பச்சைக் கண்ணாடி சிதறியது. பியோ மேசையையும் அடுப்பையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். நெற்றித்தோல் மடிந்து கண்மேல் தொங்க, குருதி விட்டுவிட்டுப் பீறிட்டது. ஜோங்பே முக்காலியில் மீண்டும் அமர்ந்து, "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லீங்கய்யா" என்று கூறினார். திருத்தமாக வருகிறதா என்று பார்ப்பவர்போல் இன்னொரு முறையும் கூறினார்.

ஓசை கேட்டு மல்ரியே ஓடிவந்தார். குவியலில் எஞ்சியிருந்த கடைசிக் கைப்பிடி இலை அவர் கையில் இருந்தது.

தரையில் கிடந்த பியோ அதைக் கண்டார்.

"அக்கா! இலை! அந்த இலைய வைங்க அக்கா! நிக்கமாட்டேங்குது!"

மல்ரியே குனிந்தார். குனிந்த நிலையிலேயே ஏட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டய்யா, கையில இருக்கது எத்தனை?"

போங் பதிவேட்டைப் பார்த்தார். "முப்பத்தொம்பது."

"மூணு இவருக்கு வெச்சா?"

"மூணு கொறையும், அக்கா."

"கொறைஞ்சா?"

"வயல் போயிரும்."

"யோவ் போங்! நான் சொல்றேன்யா, நான் உத்தரவு போடறேன்!" என்று பியோ வாயில் வழிந்த குருதியைத் துப்பினார். "அக்கா, சாகப்போறேன் அக்கா!"

மல்ரியே நிமிர்ந்தார். தீயருகே சென்று, ஓர் இலையைப் பிரித்து இட்டார்.

"ஒண்ணு" என்றார் ஏட்டு.

இன்னொன்றை இட்டார்.

"ரெண்டு."

எவரும் அவசரப்படவில்லை, எண்ணிக்கையில் பிழை நேர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும். பியோவின் குரல் பதினைந்தில் தேய்ந்தது. முப்பதுக்குமேல் அவர் இதழ்கள் மட்டும் அசைந்தன.

"முப்பத்தொம்பது. நாப்பத்தோராயிரத்து முன்னூத்தி ஆறு. சரியா இருக்கு."

ஏட்டு போங் பதிவேட்டைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, தரையில் மண்டியிட்டு, பியோவின் விரல்களுக்கிடையில் பேனாவைச் செருகினார். சான்றிதழிலும் உரிமத்திலும் சாட்சியின் கையொப்பம் வாங்கப்பட்டது. தாளின்மேல் சிவப்பாகச் சொட்டியதை உறிஞ்சுதாளால் ஒற்றி எடுத்தார். ஆம்புலன்சை அழைக்கும் முன்னர், 'கஞ்சா தொடர்பான வன்முறை' என்னும் கட்டத்தைத் தேடிப் பிடித்து, கோணல் விழுந்த கட்டைவிரலால் பேனாவை இறுகப் பற்றிக்கொண்டு, அதில் பூஜ்யம் என்று தெளிவாக எழுதினார்.